எதிர்வீட்டுத் தட்டு

(பாளையங்கோட்டையில் வாசகர் கூட்டமொன்றில் 2024 டிசம்பரில் பேசியதன் எழுத்து வடிவம்)



கொரோனாக் காலத்துக் கிறிஸ்மஸைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டபோது தயங்கினேன். நாலு வருஷம் ஆகிவிட்டது. அந்தப் பேச்சை இப்போது யாரும் எடுப்பதில்லை. எடுத்தாலும் கேட்கிறவர் முகம் வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. அவரவருக்கு அவரவர் கணக்கு இருக்கிறது. "நீங்கள் அந்த வருஷம் ஊருக்குப் போனீர்களே, அதை மட்டும் சொல்லுங்கள், போதும்" என்றார் அழைத்த நண்பர். ஆகவே இதை ஆய்வுரை என்று நினைத்து யாரும் குறிப்பெடுக்க வேண்டாம்.

ஊசிக்கோபுரத் தேவாலயத்துக்குப் பக்கத்தில் நின்று பேசுவதால் ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். மிஷனரி ரேனியஸ் ஐயர் இந்த ஊருக்கு வந்தது 1820இல். அதன் இருநூறாவது ஆண்டு, எத்தனையோ ஆண்டுகள் இருக்க, 2020 என்று வந்து விழுந்தது. மற்ற வருஷமாக இருந்தால் பந்தல், பவனி, மலர் வெளியீடு என்று பாளையங்கோட்டை இரண்டுபட்டிருக்கும். அந்த வருஷம் கோயில் வாசலில் பூட்டுத் தொங்கியது.

மார்ச் 25இல் நாடு பூட்டப்பட்டது. ஏப்ரல் 12 ஈஸ்டர். ஞானஸ்நானம் பெற்ற நாளிலிருந்து ஒரு ஈஸ்டர்கூடத் தவறவிடாத என் அம்மா, அன்று காலை பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கைப்பேசிக்கு முன்னால் உட்கார்ந்தாள். படம் நடுநடுவே நின்று நின்று போனது. "ஐயர் வாயைத் திறந்துகிட்டே நிக்காரே, கொட்டாவியா?" என்று கேட்டாள். அதோடு கைப்பேசி ஆராதனை அவளுக்கு முடிந்தது.

தமிழ்நாட்டில் எல்லா வழிபாட்டுத் தலங்களும் திறந்தது செப்டம்பர் 1இல்தான். எப்படித் திறக்க வேண்டும் என்பதற்கு மத்திய சுகாதார அமைச்சகம் ஜூன் 4ஆம் தேதியே நெறிமுறை வெளியிட்டிருந்தது. எங்கள் ஊர்க் கோயில் கதவில் அதைத் தமிழில் எழுதி ஒட்டியிருந்தார்கள். 65 வயதைக் கடந்தவர்கள், கர்ப்பிணிகள், பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், வேறு நோய் உள்ளவர்கள் வீட்டிலேயே இருப்பது நல்லது. புனித நூல்களைத் தொடக் கூடாது. பாடகர் குழு கூடாது. பதிவு செய்த பாடல்களை ஒலிக்கச் செய்யலாம்.

டிசம்பரில் இதைப் படித்தபோது எனக்கு லூக்கா சுவிசேஷம் ஞாபகம் வந்தது. முதல் இரண்டு அதிகாரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். எலிசபெத்து: வயது சென்றவள், கர்ப்பிணியும்கூட. இரண்டு விதத்தில் அனுமதி இல்லை. மரியாள்: கர்ப்பிணி. சிமியோன்: கிழவர். அன்னாள்: எண்பத்து நாலு வயது விதவை, தேவாலயத்தை விட்டு நீங்காதவள், அவளை வெளியே அனுப்பவே நாலு பேர் வேண்டும். வானசேனை: பாடகர் குழு. குழந்தை: பத்து வயதுக்கு உட்பட்டது. மிச்சம் யோசேப்பும் மேய்ப்பர்களும். மேய்ப்பர்களும் ராத்திரி வேளையில் கூட்டமாக, சொல்லாமல் கொள்ளாமல், பிறந்த குழந்தையைப் பார்க்க வந்தவர்கள். ஊரடங்கை மீறியவர்கள் என்று அவர்கள் மேலும் ஒரு வழக்குப் போடலாம்.

சிரிக்கிறீர்கள். நானும் அன்று சிரித்தேன். ஆனால் அந்த விதி தவறு என்று நான் சொல்லவரவில்லை. விதி சரிதான். கிழவர்களைத்தான் அந்த நோய் முதலில் கொண்டுபோனது. ஒரு விதி சரியாகவும் இருக்கலாம், அது ஒரு பண்டிகையின் உயிரை எடுத்துவிடவும் செய்யலாம். கிறிஸ்மஸ் குழந்தைகளுடையது, கிழவிகளுடையது. நடுவில் இருக்கிற எங்களைப் போன்றவர்கள் செலவு செய்கிறவர்கள், அவ்வளவுதான். அந்த வருஷம் கோயிலுக்குள் போகத் தகுதி பெற்றவர்கள் நாங்கள் மட்டும்.

என் ஊர் தேரிக்காட்டு ஓரத்தில், செம்மணலும் பனையுமாக இருக்கும். வருஷம் முழுவதும் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும். சென்னையிலும் மும்பையிலும் கடை வைத்திருக்கிறவர்கள் டிசம்பர் இருபதுக்கு மேல் வந்து இறங்குவார்கள், பூட்டுகள் திறக்கும், கிணற்றடியில் சண்டை வரும். அந்த வருஷம் முக்கால்வாசிப் பேர் வரவில்லை. நான் போனேன். டிசம்பர் 17 வியாழக்கிழமை இரவு எழும்பூரில் ரயில் ஏறினேன். எல்லா ரயிலுக்கும் 'சிறப்பு ரயில்' என்று பேர் வைத்திருந்தார்கள்; போர்வை கொடுக்காததைத் தவிர வேறு சிறப்பு எதையும் நான் காணவில்லை.

வாசலிலேயே அக்கா நிறுத்திவிட்டாள். ஏழு நாள் வெளித்திண்ணையும் அதை ஒட்டிய சிறிய அறையும்தான் எனக்கு. உள்ளேயிருந்து அம்மா குரல் மட்டும் வந்தது: "ஏல, அங்கனயே இரி. தட்டு சன்னல் வழியா வரும்." சொந்த வீட்டில் சன்னல் கம்பி வழியாகச் சோறு வாங்கித் தின்ற அனுபவம் உங்களில் சிலருக்கும் இருக்கும். முதல் நாள் அழுகை வரும். இரண்டாம் நாள் குழம்பில் உப்புக் குறைவு என்று சொல்லத் தோன்றிவிடும்.

திண்ணையில் செய்ய ஒன்றுமில்லை. அக்கா மகனிடம் மூங்கிலும் கத்தியும் கேட்டேன். என் அப்பா இருந்தவரை நாங்கள் கடையில் நட்சத்திரம் வாங்கியதில்லை. மூங்கிலைப் பிளந்து விரல் அகலச் சிம்பாகச் சீவ வேண்டும். கணு வருகிற இடத்தில் கத்தி வழுக்கும். என் இடது பெருவிரலில் இப்போதும் அந்தத் தழும்பு இருக்கிறது. ஐந்து சிம்புகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினால் ஒரு நட்சத்திரம். அதே அளவில் இன்னொன்று. இரண்டையும் முனைகளில் சேர்த்துக் கட்டிவிட்டு, நடுவில் சாண் நீளக் குச்சிகள் ஐந்தைச் செருகி நிறுத்தினால் வயிறு உப்பிக்கொள்ளும். பிறகு மைதாப் பசையும் கண்ணாடிப் பேப்பரும். ஒரு பக்கத்தை ஒட்டாமல் விட வேண்டும், பல்பு மாட்ட. நான் அதை மறந்து எல்லாப் பக்கமும் ஒட்டிவிட்டேன். பிறகு ஒரு பக்கத்தைக் கிழித்தேன். அப்பா இருந்திருந்தால் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார், பார்த்துக்கொண்டு மட்டும் நின்றிருப்பார். அது இன்னும் மோசம்.

அந்த வாரத்தில்தான் வானத்திலும் ஒரு நட்சத்திரம் வந்தது. டிசம்பர் 21, திங்கட்கிழமை. வியாழனும் சனியும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டதுபோலத் தெரிந்த நாள். 1623க்குப் பிறகு அவ்வளவு நெருக்கம் இல்லை என்றார்கள். பெத்லகேம் நட்சத்திரத்துக்கும் இப்படியொரு சேர்க்கைக்கும் தொடர்பு உண்டா என்று நானூறு ஆண்டுக்கு முன்பே கெப்ளர் கணக்குப் போட்டுப் பார்த்தவர். கிறிஸ்துவுக்கு முன் 7ஆம் ஆண்டு இவ்விரண்டு கிரகங்களும் மூன்று முறை நெருங்கி வந்திருக்கின்றன. அன்று சூரியன் இறங்கியதும் தென்மேற்கே, பனைகளின் தலைக்குமேல் அது தெரிந்தது. அக்கா மகன் வாசலில் நின்றான், நான் திண்ணையில் நின்றேன், நடுவில் ஆறடி. "ஒட்டிக்கிட்டு இருக்குல்ல மாமா?" என்றான். ஒட்டிக்கொண்டிருக்கவில்லை, இரண்டுக்கும் நடுவே எழுபது கோடி கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. அந்த ஆண்டு சமூக இடைவெளியை ஒழுங்காகக் கடைப்பிடித்தவை அவை இரண்டும்தான்.

அதே நாள் ராத்திரி என் தம்பி லண்டனிலிருந்து பேசினான். கிறிஸ்மஸுக்கு ஐந்து நாள் தளர்வு என்று அவர்கள் அரசாங்கம் சொல்லியிருந்தது. 19ஆம் தேதி லண்டனுக்கு அதை ரத்து செய்துவிட்டது. புதுவகைக் கிருமி. இங்கே நம் அரசு 22ஆம் தேதி நள்ளிரவோடு பிரிட்டன் விமானங்களை நிறுத்தியது. அவன் டிக்கெட் 23ஆம் தேதிக்கு. ரோமாபுரியிலேயே பத்து மணி ஊரடங்குக்காக நள்ளிரவுத் திருப்பலியை மாலை ஏழரைக்கு வைத்தார்கள் என்றால், தம்பி தன் அறையில் பிரியாணி செய்து தனியாகச் சாப்பிட்டதெல்லாம் ஒரு குறையா? குறைதான் என்றான் அவன்.

எங்கள் ஊரில் கேரல் ரவுண்ட்ஸ் கிறிஸ்மஸுக்கு ஒரு வாரத்துக்கு முன்பே தொடங்கிவிடும். பஜனை என்றும் சொல்வார்கள். பெட்ரோமாக்ஸ் விளக்கு, கழுத்தில் தொங்கும் ஆர்மோனியம், ஊரில் பாதி நாய்கள் பின்னால். ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் ஒரு பாட்டு, ஒரு ஜெபம், சுக்குக் காப்பி, முறுக்கு, காணிக்கை உறை. விடிகாலை மூன்று மணிக்குக் கடைசி வீட்டுக்கு வரும்போது யாருக்கும் தொண்டை இருக்காது. கூட்டத்தோடு கிறிஸ்மஸ் தாத்தா ஒருவர் வருவார், சிவப்பு உடை, பிளாஸ்டிக் முகமூடி. குழந்தைகள் அலறி ஓடும். ஊரே முகமூடி போட்டுக்கொண்டு திரிந்த வருஷத்தில் அந்த ஒரு முகமூடி மட்டும் வரவில்லை.

கேரல் வராததற்குக் கிருமியைப் பற்றிய பயம் மட்டும் காரணம் என்று எழுதினால் அது பொய். சாத்தான்குளம் எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம். ஊரடங்கு நேரம் கடந்தும் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்று சொல்லி ஒரு தந்தையையும் மகனையும் ஜூன் 19 அன்று காவல் நிலையத்தில் பிடித்து வைத்தார்கள். 22ஆம் தேதி மகன் இறந்தான், 23ஆம் தேதி தந்தை. அந்த வீட்டுக்கும் அது முதல் கிறிஸ்மஸ். ராத்திரியில் பத்துப் பேர் சேர்ந்து தெருவில் நடக்க எங்கள் பையன்களுக்குக் கால் வரவில்லை. கட்டுப்பாடு என்ற சொல்லை நாம் இப்போது சுலபமாகச் சொல்கிறோம். அதன் கையில் ஒரு கம்பும் இருந்தது. அதை மறந்துவிட்டுக் கொரோனாக் கிறிஸ்மஸைப் பற்றி உருகி எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

25ஆம் தேதி விடிகாலை. கோயிலில் மூன்று ஆராதனைகளாகப் பிரித்து, குடும்பத்துக்கு ஒரு டோக்கன் கொடுத்திருந்தார்கள், ரேஷன் கடை மாதிரி. அக்காவும் அத்தானும் முதல் ஆராதனைக்குப் போனார்கள். என் ஏழு நாள் அன்றுதான் முடிகிறது. நான் மூன்றாவதற்குப் போவதாக ஏற்பாடு. அம்மாவுக்கு அப்போது 78. அவளுக்கு டோக்கன் இல்லை. நாலு மணிக்கே குளித்து, புதுச்சேலை கட்டி, தலையில் முக்காடு போட்டு, கதவைத் திறந்துகொண்டு திண்ணைக்கு வந்துவிட்டாள். நான் மறுகோடிக்கு நகர்ந்தேன். முகக்கவசத்தைச் சேலை நிறத்தில் அக்கா தைத்துக் கொடுத்திருந்தாள்.

கோயில் கோபுரத்தில் இருக்கிற குழாய் ஒலிபெருக்கியை அன்று போட்டிருந்தார்கள். மணி அடித்தது. உள்ளே பாடகர் குழு கிடையாது, பென்டிரைவில் பதிந்த பாட்டு. முதல் பாமாலைப் பாட்டு தொடங்கியதும் அம்மா பாடினாள். கவசத்துக்குள்ளிருந்து வந்த குரல் முதலில் எனக்கு முனகல்போலத்தான் கேட்டது. இரண்டாவது வரியில் நாலு வீடு தள்ளி இன்னொரு குரல். பிறகு எதிர்ச்சாரியில் ஒன்று. எல்லாம் டோக்கன் இல்லாத கிழவிகள். பாட்டுப் புத்தகம் ஒருத்தியிடமும் இல்லை, அவர்களுக்குத் தேவையும் இல்லை. ஒலிபெருக்கியிலிருந்து வரும் சத்தம் அவர்களை எட்டக் கொஞ்சம் தாமதமாகும், அவர்கள் இழுத்துப் பாடுவதில் இன்னும் தாமதமாகும். ஆகையால் தெரு முழுக்க ஒரு பாட்டு நாலைந்து பாட்டாக, ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு போனது. சுருதியும் இல்லை, தாளமும் இல்லை. ஏழரை மணிக்கு நான் கோயிலுக்குள் போனபோது, தலைக்கு ஒரு நாற்காலி போட்டு, ஆறடிக்கு ஒருவராக நடுவயதுக்காரர்கள் உட்கார்ந்திருந்தோம். ஸ்பீக்கர் பாடியது. நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பிரசங்கத்தில் அன்று ஒரு கருத்து வந்தது. அந்த வருஷம் உலகம் முழுவதும் எல்லா மேடையிலும் அதுதான் வந்திருக்க வேண்டும்: முதல் கிறிஸ்மஸும் இப்படித்தான் இருந்தது, ஆடம்பரமில்லாமல், கூட்டமில்லாமல், தனிமையில், ஆகவே கர்த்தர் நம்மை மெய்யான கிறிஸ்மஸுக்குத் திருப்பியிருக்கிறார். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். எனக்கு ஏற்க முடியவில்லை. முதல் கிறிஸ்மஸில் கூட்டமில்லை என்று யார் சொன்னது? பெயர் எழுத வந்தவர்களால் சத்திரத்தில் இடமில்லாமல் போன ஊர் அது. பிள்ளை பிறந்த அன்றே முன்பின் தெரியாத ஆட்கள் மந்தையை விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். சாஸ்திரிகள் தூரதேசத்திலிருந்து கை நிறையப் பொருளோடு வந்தார்கள். அந்தக் கதையே ஒரு வீட்டுக்கு ஆட்கள் வந்த கதைதான். ஆட்கள் வர முடியாத வருஷத்தை அதற்கு ஒப்பிடுவது துக்கவீட்டில் போய், சாப்பாட்டுச் செலவு மிச்சம் என்று சொல்வதற்குச் சமம். கொரோனா எளிமையைக் கற்றுக்கொடுத்தது என்று இன்றைக்கும் சிலர் எழுதுகிறார்கள். எனக்கு ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லை. எனக்குத் தூத்துக்குடி மக்ரூன் கிடைக்காததில் வருத்தம், என் தம்பி வராததில் வருத்தம்.

எங்கள் கடற்கரைக்காரர்களுக்குக் கிறிஸ்மஸை ஒட்டி இன்னொரு தேதி உண்டு. 2004 டிசம்பர் 26. கிறிஸ்மஸ் பலகாரம் டப்பாவில் இருக்கும்போதே கடல் ஏறியது. அன்று வீடிழந்தவர்கள் கோயில்களிலும் பள்ளிக்கூடங்களிலும் ஒருவர்மேல் ஒருவர் படுத்துத் தூங்கினார்கள். கட்டிப்பிடித்து அழ முடிந்தது. ஆபத்து என்றால் கோயில் கதவு திறக்கும் என்றுதான் அதுவரை நாங்கள் அறிந்திருந்தோம். ஆபத்து என்றால் அது மூடும் என்பது 2020 வரை தெரியாது.

இனி ஒரு விஷயம். இதைச் சொல்லத்தான் வந்தேன், சுற்றி வளைத்துவிட்டேன்.

எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு ஆச்சி இருந்தார். அவர்கள் வீட்டில் கிறிஸ்மஸ் கிடையாது, எங்கள் வீட்டில் தீபாவளி கிடையாது. ஆனால் தீபாவளியன்று காலை பத்து மணிக்கு ஒரு எவர்சில்வர் தட்டு, மேலே வெள்ளைத் துணி மூடி, தெருவைக் குறுக்கே கடந்து எங்களிடம் வரும். கிறிஸ்மஸுக்கு எங்கள் தட்டு அங்கே போகும். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். வெறும் தட்டாக யாரும் திருப்பித் தந்ததில்லை. குறைந்தது ஒரு பிடி சீனியாவது இருக்கும்.

2020இல் தீபாவளி நவம்பர் 14. தட்டு வந்தது. அதிரசமும் முறுக்கும். அக்கா சென்னைக்கு எனக்குப் போன் செய்தாள்: "என்ன செய்ய?" வீட்டில் படித்தவன் நான், ஆகவே கேட்டாள். சாப்பாடு மூலம் இது தொற்ற வாய்ப்பு மிகக் குறைவு என்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு வெகு முன்பே சொல்லியிருந்தது. நான் அதைப் படித்தும் இருந்தேன். படித்தவன் சொன்ன பதில்: "எதுக்கு வம்பு? வேண்டாம்." அதிரசத்தைக் கோழிக்குப் போட்டார்கள். ஆச்சி வீட்டுத் திண்ணையிலிருந்து எங்கள் கோழிக்கூடு தெரியும். அதை அவர் பார்த்தாரா என்று எங்களுக்குத் தெரியாது. அம்மா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை என்று அக்கா சொன்னாள்.

கிறிஸ்மஸுக்கு முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் செய்தார்கள், வழக்கத்தில் கால்வாசி. தட்டு அனுப்பவில்லை. போன வருஷம்வரை அனுப்பியதை இந்த வருஷம் எந்த முகத்தோடு அனுப்புவது என்று அக்கா கேட்டாள். அவர்கள் சாப்பிடாமல் போட்டுவிட்டால் என்ன செய்வது என்ற யோசனையும் இருந்தது. நாம் செய்ததையே பிறரும் செய்வார்கள் என்று நினைப்பது மனுஷ புத்தி. அன்று காலை கிழவிகள் பாடியபோது ஆச்சி தன் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார். பாடவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்ததும் எங்கள் அம்மாவைப் பார்த்துக் கையை உயர்த்திக் காட்டினார். அம்மாவும் காட்டினாள். தெருவின் அகலம் இருபதடி.

2021 மே மாதம், இரண்டாம் அலையில், ஆச்சி போய்விட்டார். வண்டியில் வைத்து நேரே கொண்டுபோனார்கள். எதிர்வீட்டில் இருந்துகொண்டு நாங்கள் முகம் பார்க்கவில்லை. அந்தக் கிறிஸ்மஸுக்கு அவர் வீடு பூட்டியிருந்தது. மறுவருஷம் அவர் மகன் குடும்பத்தோடு கோயம்புத்தூரிலிருந்து வந்து அந்த வீட்டில் குடியேறினார்.

தீபாவளிக்கு வந்த அந்தத் தட்டு எங்களிடமே தங்கிவிட்டது. அடியில் ஆச்சியின் பெயரெழுத்துகள் வெட்டியிருக்கும். 2022 கிறிஸ்மஸ் அன்று அம்மா முதலில் எடுத்தது அந்தத் தட்டைத்தான். முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, இரண்டு துண்டு கேக், மேலே வெள்ளைத் துணி. "சொல்லிக் கொடுத்திராத, தட்டை மட்டும் கொடுத்துட்டு வா" என்று என்னை அனுப்பினாள். வாசலில் மருமகள் நின்றிருந்தாள். வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் திரும்பினேன்.

"அண்ணே, நில்லுங்க" என்று கூப்பிட்டாள். அவள் அந்த வீட்டுக்குப் புதிது. தட்டின் அடியை ஏன் பார்க்கப் போகிறாள்? பலகாரத்தைத் தங்கள் பாத்திரத்தில் மாற்றிவிட்டு, தட்டைக் கழுவித் துடைத்து, வெறும் தட்டாகக் கொடுக்கக் கூடாது என்று ஒரு சீப்பு நாட்டுப்பழம் வைத்து, என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

தட்டு இப்போதும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது.